நேர்க்கோட்டின் வெட்டுத்துண்டு வடிவம்

பகுமுறை வடிவியலில், ஒரு நேர்க்கோடு இரண்டு ஆய அச்சுகளையும் எந்தெந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை மட்டும் கொண்டு எழுதப்படும் சமன்பாடு, அக்கோட்டின் வெட்டுத்துண்டு வடிவம் எனப்படும். கோடு எக்ஸ் அச்சை அ என்ற இடத்திலும் ஒய் அச்சை ஆ என்ற இடத்திலும் வெட்டினால், அதன் சமன்பாடு

எக்ஸ்/அ + ஒய்/ஆ = 1

ஆகும். இங்கு அ, ஆ ஆகிய இரண்டும் சுழி அல்லாத எண்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில், ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் இது கற்பிக்கப்படுகிறது. இரு புள்ளி வடிவம், சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் ஆகியவற்றுக்கு அடுத்து வரும் இன்னொரு வாய்பாடாகவே பலர் இதை மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இதை ஒரு வாக்கியமாகப் படிக்கலாம். வலப்பக்கத்தில் உள்ள 1 'முழுமை'யைக் குறிக்கிறது. இடப்பக்கத்தில் உள்ள இரண்டு பின்னங்களும் அந்த முழுமையின் பங்குகள். ஒரு பங்கு கூடினால் மற்றது அதே அளவு குறையும். இதைப் புரிந்துகொண்டால் வாய்பாடு மறக்காது. கடைக் கணக்கு முதல் படிகவியல் வரை அது எங்கெங்கு ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும்.

வெட்டுத்துண்டு என்றால் என்ன?

ஒரு நேர்க்கோடு எக்ஸ் அச்சை (அ, 0) என்ற புள்ளியில் வெட்டினால், அ என்பது அக்கோட்டின் எக்ஸ் வெட்டுத்துண்டு. அது ஒய் அச்சை (0, ஆ) என்ற புள்ளியில் வெட்டினால், ஆ என்பது ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் ஒய் மதிப்பு 0; ஒய் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் மதிப்பு 0. ஆகவே ஒரு சமன்பாட்டிலிருந்து எக்ஸ் வெட்டுத்துண்டைக் காண ஒய் = 0 எனவும், ஒய் வெட்டுத்துண்டைக் காண எக்ஸ் = 0 எனவும் பிரதியிட வேண்டும்.

'துண்டு' என்ற சொல் நீளத்தை நினைவூட்டினாலும், வெட்டுத்துண்டு என்பது வெறும் நீளம் அன்று. அதற்குக் குறி உண்டு. கோடு எக்ஸ் அச்சை ஆதிப்புள்ளிக்கு இடப்புறம் வெட்டினால் அ குறை எண். ஒய் அச்சை ஆதிப்புள்ளிக்குக் கீழே வெட்டினால் ஆ குறை எண். குறிகளைப் பார்த்த உடனேயே கோடு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்:

அ, ஆ இரண்டும் மிகை எனில், கோடு முதல் கால்பகுதியில் இரு அச்சுகளையும் இணைத்து, இடமிருந்து வலமாக இறங்கும். மூன்றாம் கால்பகுதியைத் தொடாது.

இரண்டும் குறை எனில், அப்போதும் கோடு இடமிருந்து வலமாக இறங்கும். ஆனால் முதல் கால்பகுதியைத் தொடாது.

ஒன்று மிகை, மற்றொன்று குறை எனில், கோடு இடமிருந்து வலமாக ஏறும்.

சமன்பாட்டை வருவித்தல்

சாய்வைக் கொண்டு: கோடு (அ, 0), (0, ஆ) என்ற இரு புள்ளிகள் வழியே செல்கிறது. சாய்வு என்பது ஒய் மதிப்பின் மாற்றத்தை எக்ஸ் மதிப்பின் மாற்றத்தால் வகுத்துக் கிடைப்பது (இலங்கைப் பாடநூல்களில் இது படித்திறன் எனப்படும்). எனவே

சாய்வு = (ஆ − 0)/(0 − அ) = −ஆ/அ

இந்தச் சாய்வுடன் (அ, 0) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு

ஒய் = −(ஆ/அ)(எக்ஸ் − அ)

இருபுறமும் ஆ-ஆல் வகுத்தால்

ஒய்/ஆ = −எக்ஸ்/அ + 1

எக்ஸ் உள்ள உறுப்பை இடப்பக்கம் கொண்டுவந்தால் எக்ஸ்/அ + ஒய்/ஆ = 1 கிடைக்கிறது.

பரப்பைக் கொண்டு: அ, ஆ இரண்டும் மிகை என்று கொள்வோம். ஆதிப்புள்ளி, (அ, 0), (0, ஆ) ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் முனைகள். அதன் பரப்பு ½ × அ × ஆ. இப்போது அதன் கர்ணத்தின் மீது (எக்ஸ், ஒய்) என்ற ஒரு புள்ளியை எடுத்து, அதை ஆதிப்புள்ளியுடன் இணைத்தால் பெரிய முக்கோணம் இரண்டு சிறு முக்கோணங்களாகப் பிரியும். கீழே உள்ள முக்கோணத்தின் அடிப்பக்கம் அ, உயரம் ஒய். பரப்பு ½ × அ × ஒய். மற்றதன் அடிப்பக்கம் ஒய் அச்சின் மீதுள்ள ஆ, உயரம் எக்ஸ்; பரப்பு ½ × ஆ × எக்ஸ். இரண்டின் கூடுதல் முழுப் பரப்புக்குச் சமம்:

½ × ஆ × எக்ஸ் + ½ × அ × ஒய் = ½ × அ × ஆ

எல்லாவற்றையும் ½ × அ × ஆ என்பதால் வகுத்தால் எக்ஸ்/அ + ஒய்/ஆ = 1. இந்த வழியில் பார்க்கும்போது எக்ஸ்/அ என்பது முழு முக்கோணத்தில் ஒரு சிறு முக்கோணத்தின் பங்கு. ஒய்/ஆ என்பது மற்றதன் பங்கு. இரண்டு பங்குகளும் சேர்ந்து முழுமை ஆகின்றன.

பங்காகப் படித்தல்

ஒரு வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் 600 ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. அரிசி கிலோ 60 ரூபாய், பருப்பு கிலோ 120 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எக்ஸ் கிலோ அரிசியும் ஒய் கிலோ பருப்பும் வாங்கிப் பணம் முழுவதையும் செலவிட்டால்

60 எக்ஸ் + 120 ஒய் = 600

இருபுறமும் 600-ஆல் வகுத்தால்

எக்ஸ்/10 + ஒய்/5 = 1

பணம் முழுவதற்கும் அரிசியே வாங்கினால் 10 கிலோ. பருப்பே வாங்கினால் 5 கிலோ. இவையே இரண்டு வெட்டுத்துண்டுகள். 4 கிலோ அரிசி வாங்கினால் பணத்தில் 4/10 பங்கு தீர்ந்துவிடும். மீதி 6/10 பங்கு. பருப்பின் முழு அளவான 5 கிலோவில் 6/10 பங்கு 3 கிலோ. சரிபார்த்தால் 240 + 360 = 600.

பொருளியலில் இத்தகைய கோடு நுகர்வோரின் வரவு செலவுக் கோடு எனப்படுகிறது. பருப்பு விலை 150 ரூபாயாக ஏறினால் ஒய் வெட்டுத்துண்டு 5-இலிருந்து 4 ஆகக் குறையும். எக்ஸ் வெட்டுத்துண்டு 10 மாறாது. அதாவது கோடு (10, 0) என்ற புள்ளியைப் பிடித்துக்கொண்டு உட்பக்கமாகத் திரும்பும். விலைகள் மாறாமல் ஒதுக்கிய பணம் மட்டும் கூடினால், இரண்டு வெட்டுத்துண்டுகளும் ஒரே விகிதத்தில் பெருகும். கோடு தனக்கு இணையாக வெளியே நகரும். விலை ஏற்றத்துக்கும் வருமானக் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

'வேலையும் காலமும்' கணக்குகளும் இதே அமைப்பு உடையவை. ஒரு வேலையை ஒருவர் தனியாக 10 நாளிலும், மற்றொருவர் தனியாக 15 நாளிலும் முடிப்பார் எனில், முதலாமவர் எக்ஸ் நாளும் இரண்டாமவர் ஒய் நாளும் உழைத்து அதை முடிப்பதற்கான நிபந்தனை

எக்ஸ்/10 + ஒய்/15 = 1

இருவரும் சேர்ந்தே வேலை செய்தால் எக்ஸ், ஒய் இரண்டும் சமம். இரண்டின் இடத்திலும் 6 இட்டால் 6/10 + 6/15 = 1. ஆகவே 6 நாளில் வேலை முடியும். வரைபடத்தில் இது, கோடு எக்ஸ் = ஒய் என்ற கோட்டை (6, 6) என்ற புள்ளியில் வெட்டுவதாகும். இந்தப் புள்ளி கீழே வில்லைகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் பயன்படும்.

தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகள்

1. வெட்டுத்துண்டுகள் 4, −6 உடைய கோட்டின் சமன்பாடு காண்க.

எக்ஸ்/4 + ஒய்/(−6) = 1. இருபுறமும் 12-ஆல் பெருக்கினால் 3 எக்ஸ் − 2 ஒய் = 12. சரிபார்க்க: (4, 0) இட்டால் 12, (0, −6) இட்டாலும் 12.

2. வெட்டுத்துண்டுகள் 1/2, 2/3 உடைய கோட்டின் சமன்பாடு காண்க.

1/2-ஆல் வகுப்பது 2-ஆல் பெருக்குவதற்குச் சமம். 2/3-ஆல் வகுப்பது 3/2-ஆல் பெருக்குவதற்குச் சமம். எனவே 2 எக்ஸ் + (3/2) ஒய் = 1. இருபுறமும் 2-ஆல் பெருக்கினால் 4 எக்ஸ் + 3 ஒய் = 2.

3. 5 எக்ஸ் − 2 ஒய் + 20 = 0 என்ற கோட்டின் வெட்டுத்துண்டுகளைக் காண்க.

மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோனால் 5 எக்ஸ் − 2 ஒய் = −20. வலப்பக்கம் 1 ஆக வேண்டுமென்பதால் இருபுறமும் −20-ஆல் வகுக்க வேண்டும்: எக்ஸ்/(−4) + ஒய்/10 = 1. வெட்டுத்துண்டுகள் −4, 10.

4. (3, 4) வழியே செல்லும் ஒரு கோட்டின் வெட்டுத்துண்டுகளின் கூடுதல் 14. அதன் சமன்பாடு காண்க.

எக்ஸ் வெட்டுத்துண்டு அ எனில் மற்றது 14 − அ. புள்ளி (3, 4) கோட்டின் மீது உள்ளதால்

3/அ + 4/(14 − அ) = 1

இருபுறமும் அ(14 − அ) என்பதால் பெருக்கிச் சுருக்கினால், அ² − 13அ + 42 = 0. இதன் தீர்வுகள் அ = 6, அ = 7. எனவே கேட்ட நிபந்தனைக்கு இரண்டு கோடுகள் பொருந்துகின்றன: எக்ஸ்/6 + ஒய்/8 = 1 என்பது ஒன்று; எக்ஸ்/7 + ஒய்/7 = 1, அதாவது எக்ஸ் + ஒய் = 7 என்பது மற்றொன்று. வினாவில் 'ஒரு கோடு' என்று இருந்தாலும் இரு விடைகளையும் எழுத வேண்டும்.

5. அச்சுகளுக்கு இடைப்பட்ட கோட்டுத்துண்டின் நடுப்புள்ளி (3, 2) எனில் கோட்டின் சமன்பாடு காண்க.

(அ, 0), (0, ஆ) ஆகியவற்றின் நடுப்புள்ளி (அ/2, ஆ/2). எனவே அ = 6, ஆ = 4. சமன்பாடு எக்ஸ்/6 + ஒய்/4 = 1, அல்லது 2 எக்ஸ் + 3 ஒய் = 12.

6. (3, 2) வழியே சென்று, முதல் கால்பகுதியில் அச்சுகளுடன் சேர்ந்து முக்கோணம் அமைக்கும் கோடுகளுள் மிகச் சிறிய பரப்பைத் தருவது எது?

புள்ளி கோட்டின் மீது உள்ளதால் 3/அ + 2/ஆ = 1. கூடுதல் 1 ஆக நிலையாக உள்ள இரண்டு மிகை எண்களின் பெருக்கற்பலன் மிகப் பெரியதாக இருப்பது, அவை இரண்டும் சமமாக, அதாவது ஒவ்வொன்றும் 1/2 ஆக இருக்கும்போதுதான். இங்கு அந்தப் பெருக்கற்பலன் 6/(அ × ஆ). அது மிகப் பெரியதானால் அ × ஆ மிகச் சிறியதாகும். எனவே 3/அ = 1/2, 2/ஆ = 1/2; அ = 6, ஆ = 4. பரப்பு ½ × 6 × 4 = 12. இது முந்தைய எடுத்துக்காட்டில் கிடைத்த அதே கோடு. கொடுத்த புள்ளி நடுப்புள்ளியாக அமையும்போது பரப்பு மிகக் குறைவாக இருக்கிறது.

வடிவியல் பண்புகள்

எக்ஸ்/அ + ஒய்/ஆ = 1 என்ற கோட்டுக்குப் பின்வருவன பொருந்தும்:

சாய்வு −ஆ/அ.

அச்சுகளுடன் அது அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு, அ × ஆ என்பதன் எண்மதிப்பில் பாதி.

அச்சுகளுக்கு இடைப்பட்ட துண்டின் நீளம் √(அ² + ஆ²).

ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு வரையப்படும் செங்குத்தின் நீளம் ப எனில், 1/ப² = 1/அ² + 1/ஆ².

வெட்டுத்துண்டுகள் 3, 4 எனில் பரப்பு 6, துண்டின் நீளம் 5. அதே பரப்பைக் கர்ணத்தை அடிப்பக்கமாகக் கொண்டு எழுதினால் ½ × 5 × ப = 6; ஆகவே ப = 2.4. நான்காவது பண்பும் இதையே தரும்: 1/9 + 1/16 = 25/144 என்பதால் ப = 12/5.

எங்கே இவ்வடிவம் பயன்படாது?

எல்லா நேர்க்கோடுகளையும் இவ்வடிவில் எழுத முடியாது. விலக்குகள் இரண்டு வகை.

முதலாவது, அச்சுகளுக்கு இணையான கோடுகள். ஒய் = 5 என்ற கோடு எக்ஸ் அச்சை எங்கும் வெட்டாது; அதற்கு எக்ஸ் வெட்டுத்துண்டு இல்லை. ஆனால் இங்கு ஒரு வழி உண்டு. (0, 5) வழியே செல்லும் ஒரு சாய்ந்த கோட்டைச் சிறிது சிறிதாகக் கிடைநிலைக்குத் திருப்பினால், அ பெரிதாகிக்கொண்டே போகும். 1/அ சுழியை நெருங்கும். 1/அ = 0 என்றே வைத்துக்கொண்டால் எக்ஸ் உறுப்பு மறைந்து ஒய்/5 = 1 மிஞ்சும். அது சரியான சமன்பாடே. அதாவது வெட்டுத்துண்டைவிட அதன் தலைகீழியைக் கையாள்வது இங்கு எளிது.

இரண்டாவது, ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோடுகள். ஒய் = 2 எக்ஸ் என்ற கோட்டுக்கு இரண்டு வெட்டுத்துண்டுகளும் 0. சுழியால் வகுக்க இயலாது என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம், (0, 0) என்பதை எக்ஸ்/அ + ஒய்/ஆ = 1 என்பதில் இட்டால் 0 = 1 என்று வரும் என்பது. இதற்கு மாற்று வழி இல்லை. மேலும், இரண்டு வெட்டுத்துண்டுகளும் சுழி என்று மட்டும் சொன்னால் கோடு எது என்று தீர்மானிக்கவும் முடியாது. ஆதிப்புள்ளி வழியே எண்ணற்ற சாய்ந்த கோடுகள் செல்கின்றன; எல்லாவற்றுக்கும் வெட்டுத்துண்டுகள் 0, 0 தான். வெட்டுத்துண்டு வடிவம் இயங்குவது, இரண்டு வெவ்வேறு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானிக்கும் என்பதால்; இங்கு அந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன.

வழக்கமாக நேரும் தவறுகள்

வலப்பக்கத்தை 1 ஆக்காமலே வெட்டுத்துண்டுகளைப் படித்தல்: எக்ஸ்/2 + ஒய்/3 = 4 என்பதன் வெட்டுத்துண்டுகள் 2, 3 அல்ல; 8, 12.

கெழுவையே வெட்டுத்துண்டாக எடுத்துக்கொள்ளல்: 2 எக்ஸ் + 3 ஒய் = 12 என்பதன் வெட்டுத்துண்டுகள் 6, 4. கெழு பெரியதானால் வெட்டுத்துண்டு சிறியதாகும்.

குறியை விடுதல்: எக்ஸ்/3 − ஒய்/5 = 1 என்பதில் ஒய் வெட்டுத்துண்டு 5 அன்று, −5.

சாய்வின் குறியை மறத்தல்: சாய்வு ஆ/அ அன்று, −ஆ/அ.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை போதும். கிடைத்த சமன்பாட்டில் (அ, 0), (0, ஆ) ஆகிய இரு புள்ளிகளையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவியலில் வெட்டுத்துண்டுகள்

கோடுகளையும் வளைவுகளையும் சமன்பாடுகளால் கையாளும் முறை 17ஆம் நூற்றாண்டில் உருவானது. ரெனே டேக்கார்ட் தம் 'வடிவியல்' நூலை 1637-இல் வெளியிட்டார். பியேர் டி பெர்மா அதே காலத்தில் தனியாக இதே கருத்துகளை எட்டியிருந்தார். அதற்குப் பின் அளவீடுகளை வரைபடமாக்குவது அறிவியலின் அன்றாட வழக்கம் ஆயிற்று. வரைபடத்தில் புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் அமைந்தால், அக்கோடு அச்சுகளை வெட்டும் இடங்கள் பெரும்பாலும் பொருள் நிறைந்தவை. நேரடியாக அளக்க முடியாத ஒன்றை அவை சொல்லக்கூடும்.

தனிச்சுழி வெப்பநிலை: அழுத்தம் மாறாத நிலையில், வளிமத்தின் பருமன் வெப்பநிலையுடன் நேர்க்கோட்டில் கூடுகிறது. வளிமங்களின் இந்த விரிவு குறித்த அளவீடுகளைப் பிரான்சு நாட்டின் கே-லுசாக் 1802-இல் வெளியிட்டார். 0 பாகை செல்சியசில் 100 மில்லிலீட்டர் உள்ள வளிமம், 100 பாகையில் ஏறத்தாழ 136.6 மில்லிலீட்டர் ஆகும். வெப்பநிலையை எக்ஸ் அச்சிலும் பருமனை ஒய் அச்சிலும் குறித்தால் ஒய் வெட்டுத்துண்டு 100, சாய்வு 36.6/100 = 0.366. சாய்வு −ஆ/அ என்பதால் அ = −100/0.366, அதாவது ஏறத்தாழ −273. கோட்டின் சமன்பாடு

எக்ஸ்/(−273) + ஒய்/100 = 1

தொடக்கத்தில் 100 மில்லிலீட்டருக்குப் பதிலாக 50 அல்லது 200 எடுத்தாலும் எக்ஸ் வெட்டுத்துண்டு மாறாது. கோடுகள் வெவ்வேறு சாய்வில் இருந்தாலும் எல்லாம் அதே இடத்தில் எக்ஸ் அச்சை வெட்டும். உண்மையில் எந்த வளிமத்தையும் அந்த இடம் வரை குளிர்வித்து அளக்க முடியாது. மிகக் குறைந்த வெப்பநிலையில் நீர்மமாகும் ஈலியமும் ஏறத்தாழ −269 பாகையில் நீர்மமாகிவிடும். அளந்த பகுதிக்கு அப்பால் கோட்டை நீட்டியே அந்த எண் பெறப்படுகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1848-இல் தனி வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார். இன்று தனிச்சுழி −273.15 பாகை செல்சியசு என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

குவிவில்லையின் குவியத்தொலைவு: குவிவில்லை ஒன்றிலிருந்து பொருள் உள்ள தொலைவு அ, மெய்ப்பிம்பம் விழும் தொலைவு ஆ, குவியத்தொலைவு கு எனில், தொலைவுகளை மிகையாகவே எடுத்துக்கொண்டால், 1/அ + 1/ஆ = 1/கு. இருபுறமும் கு-ஆல் பெருக்கினால்

கு/அ + கு/ஆ = 1

இதை வெட்டுத்துண்டு வடிவத்துடன் ஒப்பிட்டால், வெட்டுத்துண்டுகள் அ, ஆ உடைய கோடு (கு, கு) என்ற புள்ளி வழியே செல்கிறது என்பது தெரியும். ஆய்வகத்தில் குவியத்தொலைவு காண இது ஒரு வரைபட முறை. குவியத்தொலைவு 10 செ.மீ. உள்ள வில்லைக்கு 12, 60, 15, 30, 20, 20, 30, 15 ஆகியவை பொருந்தும் இணைகள். ஒவ்வொரு இணைக்கும் எக்ஸ் அச்சில் முதல் எண்ணையும் ஒய் அச்சில் இரண்டாம் எண்ணையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணைத்தால், எல்லாக் கோடுகளும் (10, 10) என்ற புள்ளியில் சந்திக்கும். அளவீட்டில் பிழை இருந்தால் அந்தக் கோடு மட்டும் விலகி நிற்கும். எந்த அளவீட்டை மீண்டும் எடுக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். இருவர் சேர்ந்து வேலை செய்த கணக்கில் வந்த (6, 6) என்ற புள்ளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடைகளின் தொகுபயன் மின்தடையையும் இதே படத்தால் காணலாம்.

நொதி வினைகள்: உயிர்வேதியியலில் ஆன்சு லைன்வீவர், டீன் பர்க் ஆகியோர் 1934-இல் முன்வைத்த வரைபடத்தில், வினைபொருள் செறிவின் தலைகீழி எக்ஸ் அச்சிலும் வினை வேகத்தின் தலைகீழி ஒய் அச்சிலும் குறிக்கப்படும். கிடைக்கும் கோட்டின் ஒய் வெட்டுத்துண்டு, நொதியின் பெரும வேகத்தின் தலைகீழி. எக்ஸ் வெட்டுத்துண்டு குறை எண்; அதன் அளவு மைக்கேலிசு மாறிலியின் தலைகீழி. இரண்டு முக்கிய மாறிலிகளும் இரண்டு வெட்டுகளில் கிடைத்துவிடுகின்றன.

முப்பரிமாணத்தில்: தளத்தின் வெட்டுத்துண்டு வடிவம்

மூன்று அச்சுகள் உள்ள வெளியில், மூன்றையும் முறையே அ, ஆ, இ என்ற இடங்களில் வெட்டும் தளத்தின் சமன்பாடு

எக்ஸ்/அ + ஒய்/ஆ + இசட்/இ = 1

ஆகும். இப்போது முழுமை மூன்று பங்குகளாகப் பிரிகிறது. அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ளபோது, ஆதிப்புள்ளியும் மூன்று வெட்டுப் புள்ளிகளும் அமைக்கும் நான்முகியின் கன அளவு, அ × ஆ × இ என்பதன் எண்மதிப்பில் ஆறில் ஒரு பங்கு.

படிகவியலில் படிகத்தின் தளங்களுக்குப் பெயரிட இவ்வடிவமே பயன்படுகிறது. வில்லியம் ஆலோவெசு மில்லர் 1839-இல் வெளியிட்ட முறைப்படி, ஒரு தளம் படிகத்தின் மூன்று அச்சுகளை அவற்றின் அலகு நீளங்களில் எத்தனை மடங்கில் வெட்டுகிறது என்று பார்த்து, அந்த எண்களின் தலைகீழிகளை எடுத்து, முழு எண்களாக்க வேண்டும். வெட்டுத்துண்டுகள் 2, 3, 6 எனில் தலைகீழிகள் 1/2, 1/3, 1/6. 6-ஆல் பெருக்கினால் 3, 2, 1. எனவே அத்தளம் (321) எனக் குறிக்கப்படும். இவை மில்லர் சுட்டெண்கள் எனப்படும்.

ஏன் வெட்டுத்துண்டுகளையே நேராக எழுதாமல் தலைகீழிகளை எழுதுகின்றனர் என்பதற்கு, ஒய் = 5 என்ற கோட்டைப் பற்றி மேலே கண்டது விடை தருகிறது. ஓர் அச்சுக்கு இணையான தளம் அந்த அச்சை வெட்டாது. அங்கு எழுத வெட்டுத்துண்டு என்று ஓர் எண் இல்லை. தலைகீழியில் அது வெறும் 0. முதல் அச்சை மட்டும் ஓர் அலகில் வெட்டி, மற்ற இரண்டுக்கும் இணையாக உள்ள தளம் (100) ஆகிறது. ஆதிப்புள்ளி வழியே செல்லும் தளத்துக்கு இம்முறையிலும் சுட்டெண் எழுத முடியாது. அப்போது அதற்கு இணையாக அடுத்துள்ள தளத்தை எடுத்துக்கொண்டு, அதன் வெட்டுத்துண்டுகளைக் கொண்டே சுட்டெண் எழுதுகின்றனர்.